சிவப்பை இறக்கினால் வா

பெரம்பூர், சென்னை
12-7-1979

அன்புத் தங்கை மனோரமாவுக்கு அண்ணன் ஆதிநாராயணன் எழுதுவது. நானும் உன் அண்ணி கஸ்தூரியும் இங்கே சுகம். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் எழுது.

இத்துடன் ஒரு புத்தகம் வைத்திருக்கிறேன். நம் மணல்மேட்டுக் குப்பம், எதிர்த்திட்டு, புங்கடி என்று மூன்று ஊர்ப் பெரியவர்களும் சேர்ந்து கேட்டதால் நான் எழுதிய 'கொடி விதிகள்'. மொத்தம் பதினாலு. ஆபீசில் ஸ்டென்சில் வெட்டி நாற்பது பிரதி எடுத்தேன். இறால் வாங்க வரும் கௌஸ் மைதீன் பாயின் ஐஸ் படகு இன்றைக்கு எந்தத் துறையில் நிற்கிறது என்று தெரியாமல், இறாலோடு மூன்று துறைக்கும் சுற்றுகிற கஷ்டம் இனி இல்லை.

விதி 1: மூன்று துறையிலும் சிவப்புக் கொடி எப்போதும் பறக்க வேண்டும். 'வராதே' என்று பொருள். விதி 3: படகிலிருந்து வெள்ளைத் துணி காட்டினால் 'வரலாமா?' விதி 7: உன்னிடம் ஐஸ் இருந்தால் முதலில் நீயும் வெள்ளையை ஏற்றி, பிறகு சிவப்பை இறக்கு. அவன் வரலாம். விதி 9: நூறு எண்ணும் வரை கரையிலிருந்து பதில் இல்லையென்றால் 'வராதே' என்றே கொள்ளவேண்டும்.

எட்டாவது வரை படித்தவள் நீ ஒருத்திதான் என்பதால் நம் துறைக் கொடியை உன்னிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். நாளுக்கு ஒரு கூறு இறால் கூலி. ரயில்வே சிக்னல் ஆபீசில் பன்னிரண்டு வருடமாக விதிப்புத்தகம் டைப் அடிக்கிறவனின் தங்கை. பேரைக் காப்பாற்று.

இன்னொரு விஷயம். எளாவூர் செக்போஸ்டில் வேலை செய்கிற ஒரு பையனின் ஜாதகம் வந்திருக்கிறது. நல்ல இடம். உன் அபிப்பிராயத்தை எழுது.

அம்மாவை வெயிலில் அலையவிடாதே.
ஆதி


மணல்மேட்டுக் குப்பம், பழவேற்காடு
29-7-1979

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும் மனோ. இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் தைலத்துக்குக் கொஞ்சம் இரங்கியிருக்கிறது. உன் கொடிகளுக்குத்தான் உடம்பு சரியில்லை.

கம்பத்தில் கயிறு ஒன்று, கொடி இரண்டு. வெள்ளையை ஏற்றிவிட்டுச் சிவப்பை இறக்கினால் வெள்ளையும் கூடவே இறங்கி வருகிறது. மூன்று நாள் நான் கயிற்றோடு மல்லுக்கட்டினேன். வெள்ளைத் துணி காட்டச் சொன்னாயே, படகில் வெள்ளையாக வேறு என்ன இருக்கிறது? இடுப்பு வேட்டியை அவிழ்த்து ஆட்டுகிறார்கள். நான் கடலைப் பார்ப்பேனா, கண்ணை மூடிக்கொள்வேனா?

கச்சான் காற்றில் முப்பது படகு ஒன்றாக வருகிறது. ஒருவருக்கு இறக்கினால் முப்பது பேரும் தனக்குத்தான் என்று நுழைகிறார்கள். நேற்று எதிர்த்திட்டிலிருந்து நீலமேகம் என்று ஒருவர் வந்து, கழியை ஊன்றிக்கொண்டு சத்தமாகவே கேட்டார்: "இன்னாமே, இத்த எழுதினவரு படகுல ஏறிக்கிறாரா? ரயிலுன்னா பிரேக்கப் போட்டா நிக்கும். காத்துல வர்ற படகு நூறு எண்ற வரிக்கும் எங்க நிக்கும்?" விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பதில் தேடினேன், இல்லை.

அண்ணியை ஒருமுறை கூட்டிக்கொண்டு வா. நண்டு நன்றாக இருக்கிறது.
மனோ


பெரம்பூர்
9-8-1979

அன்பு மனோவுக்கு ஆசிகள். இங்கு நலம், அங்கும் அவ்வாறே இருக்கட்டும்.

கயிறு இரண்டாகக் கட்டிக்கொள். அது விதியின் குற்றமில்லை, கயிற்றின் குற்றம். சிக்னல் என்பது எப்போதும் 'நில்' என்றுதான் நிற்கவேண்டும். வழி கொடுக்கும்போது மட்டும் இறங்கும். லட்சம் ரயில் இப்படித்தான் ஓடுகிறது. வேட்டி விஷயத்துக்கு, ஆளுக்கு அரை கெஜம் மல் துணி வாங்கச் சொல்.

அந்த நீலமேகம் படகை நிறுத்தத் தெரியாதவனாக இருப்பான்.

எளாவூர் பையனைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லையே. படகுக்காரர்கள் ஆட்டுகிற வேட்டியைவிட இது முக்கியம்.

உன் அண்ணன்
ஆதி


மணல்மேட்டுக் குப்பம்
21-8-1979

அண்ணாவுக்கு மனோவின் வணக்கம். அம்மா, ஆடு, நான், மூவரும் சௌக்கியம். இதை உட்கார்ந்துகொண்டு படி.

போன ஞாயிறு நம் ஊர் அம்மனுக்குக் கூழ் ஊற்றினோம். வழக்கம்போலக் கரை நெடுகிலும் வேப்பிலையும் சிவப்புத் துணியுமாகத் தோரணம். நூறு சிவப்பு இருக்கும். கட்டியவர்களில் நானும் ஒருத்தி. எங்கள் யாருக்கும் ஒரு யோசனையும் வரவில்லை.

பழவேற்காட்டிலிருந்து மேளக்காரர்களை ஏற்றிக்கொண்டு வந்த படகு தூரத்திலிருந்து பார்த்திருக்கிறது. ஒரு சிவப்பு என்றாலே வராதே. நூறு சிவப்பு என்றால்? ஊரில் ஏதோ பெரிய ஆபத்து என்று திருப்பிக்கொண்டு நேராக எதிர்த்திட்டில் போய் இறங்கிவிட்டார்கள். அங்கே ஊரே கூடி உட்காரவைத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறது. இங்கே அம்மன் பல்லக்கில் காத்திருக்கிறாள், ஏரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நாயனம் கேட்கிறது! அம்மா இரண்டு கையையும் தூக்கி, "தாயே, உன்ன வராதன்னு சொல்லல, மேளக்காரன சொல்லிட்டோம்" என்று மன்னிப்புக் கேட்டது.

கடைசியில் நீலமேகம்தான் அவர்களைத் தன் படகில் ஏற்றி, எல்லாச் சிவப்பையும் தாண்டி நேராகக் கொண்டுவந்து இறக்கினார். "விதி பதினாலும் மீறிட்டேன், கூழு குடுப்பீங்களா?" என்று கேட்டார். இரண்டு சொம்பு குடித்தார். படகை நன்றாகவே நிறுத்துகிறார் அண்ணா.

அண்ணிக்கு என் அன்பு.
மனோ


பெரம்பூர்
18-9-1979

தங்கை மனோரமாவுக்கு. நலம்.

விதி 15 இத்துடன்: 'கொடிக்கம்பம் தவிர வேறெங்கும் சிவப்புத் துணி கூடாது, கோயில் விசேஷங்களும் இதில் அடங்கும்.' நம் ஊரில் ஒட்டவும். நாயனம் வாசித்த கதையை என் ஆபீசில் யாரோ சொல்லிச் சிரிக்கிறார்கள். எப்படி வந்தது என்று தெரியவில்லை.

விதியை மீறியவனுக்கு இரண்டு சொம்பு கூழா? அவனுக்கு இனிமேல் சிவப்பை இறக்காதே.

எளாவூர்க்காரர்கள் பதில் கேட்கிறார்கள்.
ஆதி

மனோ, கஸ்தூரி அண்ணி எழுதுகிறேன். ஆபீஸில் சொல்லிச் சிரித்தது உன் அண்ணனேதான். விதி 15-ஐ ஒட்டாதே, அம்மன் கோபித்துக்கொள்வாள். அது சரி, இரண்டு கடிதம் எழுதியிருக்கிறாய், எளாவூர் என்கிற எழுத்தே காணோம். நீலமேகம் மட்டும் எத்தனை இடத்தில் என்று எண்ணிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.


மணல்மேட்டுக் குப்பம்
4-11-1979

அன்புள்ள அண்ணா, அண்ணி இருவருக்கும். மழை கொட்டுகிறது. அம்மாவுக்குச் சளி. மிளகுக் கஷாயத்தில் தேறிவருகிறது. எழுதத் தாமதம், கோபிக்க வேண்டாம்.

விளையாட்டில்லாமல் ஒன்று சொல்கிறேன். போன வியாழன் வாடைக்காற்றில் ஏரி நிறைய இறால். ஐஸ் படகு புங்கடியில் இருந்தது. நம் ஊரில் சிவப்பு இறங்கினால் 'வா'. எதிர்த்திட்டில் கொடி பார்க்கும் பச்சைமுத்து உன் விதி 7-ஐ வேறு மாதிரி படித்திருக்கிறார். அங்கே சிவப்பு இறங்கினால் 'ஆள் சாப்பிடப் போயாச்சு, கடை கட்டியாச்சு' என்று அர்த்தம். சிவப்புக்கு மேல் வெள்ளை பறந்தால்தான் 'வா'. புங்கடியில் கொடி பார்க்கும் திரௌபதி அக்காவுக்குக் கயிறு ஓடக் கப்பியே கிடையாது. கம்பத்தில் ஆணியடித்த சிவப்பை இறக்க முடியாமல் அதன்மேல் கோணியைப் போட்டு மூடுகிறார். அன்றைக்குக் காற்று கோணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. இருபத்திரண்டு படகு அங்கே போய்ச் சிவப்பைப் பார்த்து இங்கே வந்து, இங்கே பார்த்து அங்கே போய், பொழுது சாய்வதற்குள் இறால் அத்தனையும் நாறிப்போனது. பெண்கள் கூடை கூடையாகக் கரையில் கொட்டி அழுதார்கள். நானும் அழுதேன். என் கையில்தானே கயிறு இருந்தது.

தை முடிவதற்குள் மூன்று ஊரும் கூடி, கொடியே வேண்டாமா என்று முடிவெடுக்கப் போகிறார்கள். நீலமேகம் ஒரு யோசனை சொல்கிறார். ஐஸ் இருக்கிற துறையில் மட்டும் ஒரு கொடி. ஐஸ் இல்லாத இடத்தில் ஒன்றுமே வேண்டாம். அவ்வளவுதான். அண்ணா, எனக்கு இது நியாயமாகப் படுகிறது.

அவர் உன் கொடியை நம்புவதில்லை. தினம் நேரில் வந்து, "ஐஸ் கீதா?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார். இறால் பிடிக்காத நாளிலும் வந்து கேட்கிறார். நேற்று அம்மா, "கையில ஒரு இறாலுகூட இல்ல, இவனுக்கு இன்னாத்துக்கு ஐஸு?" என்று என்னைப் பார்த்துக் கேட்டது.

மழையில் நனையாமல் ஆபீஸ் போ.
மனோ


பெரம்பூர்
20-12-1979

மனோவுக்கு அண்ணன் எழுதுவது. இறால் வீணானது கேட்டு மனம் ஆறவில்லை. இரண்டு இரவு தூக்கமில்லை. அதனால்தான் பதிலும் இல்லை. ஆனால் மூன்று பேர் மூன்று விதமாகப் படித்தால் எழுதியவன் என்ன செய்வான்? எல்லோருக்கும் இன்னும் தெளிவாக இருபத்தாறு விதிகளாக விரித்து எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த ஆளின் ஒற்றைக் கொடி யோசனையெல்லாம் குழந்தை விளையாட்டு.

போகட்டும். எளாவூர் விஷயம் கேட்டு மூன்று கடிதம் எழுதிவிட்டேன். நீ வேண்டாம் என்று ஒரு வார்த்தையும் எழுதவில்லை. ஆகையால் உனக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மாசி மாதம் தாம்பூலம் மாற்றலாம் என்றிருக்கிறேன். அம்மாவிடம் சொல்.

ஆசியுடன்
ஆதி


மணல்மேட்டுக் குப்பம்
27-12-1979

அண்ணா,

அம்மா நலம். நான் நலமாக இல்லை.

விதி 9-ஐ எடுத்துப் படி. நூறு எண்ணும் வரை கரையிலிருந்து பதில் இல்லையென்றால் 'வராதே' என்றே கொள்ளவேண்டும். நீயே எழுதி, நீயே ஸ்டென்சில் வெட்டி, நாற்பது பிரதி எடுத்தது. ஜூலை மாதத்திலிருந்து நான் எளாவூருக்குப் பதில் சொல்லவில்லை. நூறு அல்ல, லட்சம் எண்ணியிருக்கலாம். படகுக்காரன் பதிலுக்குக் காத்து நின்று, பதில் வராவிட்டால் அது மறுப்பு. உன் தங்கை பேசாவிட்டால் மட்டும் அது சம்மதமா? இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

செக்போஸ்ட்காரர் நல்லவராகவே இருக்கட்டும். அவருக்குக் கட்டை இறங்கினால் நில். உனக்குக் கொடி இறங்கினால் வா. மாப்பிள்ளையும் மச்சானும் ஒரு வாசலில் எப்படி நுழைவீர்கள்?

முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்கவேண்டும். பயமாக இருந்தது. அப்போது சொல்ல ஒன்றுமில்லை. பிறகு சொல்ல நிறைய இருந்தது. எனக்கு நீலமேகத்தைப் பிடித்திருக்கிறது. அவர் தினம் வந்து கேட்கிறாரே, அது பிடித்திருக்கிறது. கொடியைப் பார்த்துத் தானாக ஒன்றை நினைத்துக்கொள்ளாமல் என் முகத்தைப் பார்த்துக் கேட்கிறவர் அவர் ஒருவர்தான். "உங்க அண்ணனாண்ட நான் கேக்கட்டுமா?" என்றும் கேட்டார். நான்தான் பொறுக்கச் சொன்னேன்.

உன் கொடியைக் குறை சொன்னவர் என்று அவரை வேண்டாம் என்று சொல்லிவிடாதே அண்ணா. நானும்தானே குறை சொன்னேன்.

உன் பதிலுக்காக நான் நூறோடு நிறுத்தாமல் எண்ணிக்கொண்டிருப்பேன்.
மனோ


பெரம்பூர்
8-1-1980

மனோக் கண்ணுக்கு அண்ணி. பயப்படாதே, எல்லோரும் நன்றாக இருக்கிறோம்.

உன் கடிதம் வந்த அன்று உன் அண்ணன் விதிப்புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். விதி 9-ஐ நாலு தரம் படித்தார். பிறகு எழுதி வைத்திருந்த இருபத்தாறு விதியையும் எடுத்துப் பார்த்தார். "இத்த நான் எழுதும்போது சரியாத்தானேடி இருந்துச்சி" என்றார். "நீங்க படகுல இல்லையே, ஆபீசுல தானே இருந்தீங்க" என்றேன். இருபத்தாறு விதியையும் மடித்து ஓரமாக வைத்தார். அப்புறம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. அது சிரிப்பினால் மட்டும் வந்த தண்ணீர் என்று எனக்குத் தோன்றவில்லை.

உன் கடிதங்களில் நீலமேகம் பேரை நான் எண்ணியதையும் சொல்லிவிட்டேன். சிரிப்பு நின்றது, காப்பி கேட்டார். நல்ல அறிகுறி.

கஸ்தூரி


பெரம்பூர்
19-1-1980

அன்புத் தங்கைக்கு. பொங்கல் நன்றாக நடந்திருக்கும். அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும். கேட்கிறேன். நான் எழுதிய விதி எனக்கே புரியாமல் இருந்திருக்கிறது. எளாவூருக்குக் கூச்சத்தோடு எழுதினேன். அவர்கள் நம்மிடமிருந்து ஒரு பதிலும் வராததால் மறுப்பு என்று எடுத்துக்கொண்டு மார்கழிக்கு முன்பே வேறு இடம் பார்த்துவிட்டார்களாம். விதி 9 அங்கே மட்டும் ஒழுங்காக வேலை செய்திருக்கிறது.

நீலமேகத்தின் ஒற்றைக் கொடியைப் பெரம்பூர் பாலத்தில் நின்று யோசித்தேன். கழிக்க ஒன்றுமில்லாத யோசனை. பிப்ரவரி 3-ஆம் தேதிக் கூட்டத்துக்கு வந்து நானே அதை எடுத்துச் சொல்வேன்.

மற்றதுக்கும் எனக்குச் சம்மதம். நீயாகப் போய்ச் சொல்வது அழகில்லை. என் பதில் கொடியில் வரும் என்று கௌஸ் மைதீன் பாய் மூலம் அவருக்குச் சொல்லியனுப்பியிருக்கிறேன். வருகிற ஞாயிறு 27-ஆம் தேதி காலை அவர் படகு தெரிந்ததும் முதலில் வெள்ளை ஏற்றி, பிறகு சிவப்பை இறக்கு. கடைசியாக ஒரு தடவை விதி 7 நல்லதுக்குப் பயன்படட்டும். அவருக்குப் புரியும்.

சந்தோஷமாக இரு.
ஆதி


மணல்மேட்டுக் குப்பம்
30-1-1980

என் அருமை அண்ணாவுக்கும் அண்ணிக்கும். இங்கே எல்லோரும் சுகமோ சுகம். அம்மா முழங்காலை மறந்து நடக்கிறது.

அவருக்குப் புரியவில்லை.

ஞாயிறு காலை குளித்து, பச்சைப் புடவை கட்டி, கம்பத்தடியில் நின்றேன். அவர் படகு வந்தது. பொங்கலுக்கு எடுத்த புது வேட்டி வெள்ளை வெளேரென்று தெரிந்தது. வெள்ளையை ஏற்றினேன். அவசரத்தில் சிவப்பை இறக்கும்போது இரண்டு கயிறும் சிக்கிக்கொண்டு வெள்ளையும் சேர்ந்து இறங்கிவிட்டது. மொட்டைக் கம்பம். அவர் எதிர்த்திட்டுக்காரர் என்பதை நீயும் மறந்தாய், நானும் மறந்தேன். அவர்கள் ஊரில் சிவப்பு இறங்கினால் கடை கட்டியாச்சு! படகு அப்படியே நின்றது, காற்றிலும் அவர் நிறுத்தினார். பிறகு திரும்பிப் போய்விட்டது. நான் கத்தினேன், கையை ஆட்டினேன். எட்டவில்லை.

மறுநாள் பாய் ஐஸ் இறக்க வந்தார். "இன்னாம்மா பண்ணிட்ட? அந்தப் புள்ள நேத்துலர்ந்து சோறு துண்ணாம வலைய வெறிச்சிப் பாத்துகினு கீறான். அவங்க அண்ணன் இல்லன்னுட்டாருங்கறான்" என்றார். அம்மா என்னைப் பார்த்தது. "நின்னுகினு இன்னா பாக்கற? ஏறு படகுல" என்றது.

ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து எதிர்த்திட்டுக்குப் போனேன். கம்பத்தில் சிவப்பு பறந்தது. விதிப்படி நான் வரக்கூடாது. வந்தேன். ஊரே கரையில் நின்று பார்க்கிறது. அவர் எழுந்து வந்தார், கண்ணெல்லாம் தூக்கமில்லாமல் சிவந்திருந்தது. தினம் அவர் கேட்பதற்குப் பதிலைச் சொல்லி, நானும் ஒன்று கேட்டேன்: "ஐஸ் கீது. எங்க அண்ணன் சரின்னுட்டாரு. வரலாமா?"

அவர் கம்பத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன். முப்பது எண்ணும்போது பாய், "யா அல்லா, ஐஸு கரையறதுக்குள்ள ஒரு பதில் சொல்லுப்பா!" என்று கூவினார். "வா" என்றார் நீலமேகம். தண்ணீரில் இறங்கி, இடுப்பளவுக்கு வந்து, படகைத் தானே கரைக்கு இழுத்தார்.

சந்தோஷத்தில் பச்சைமுத்து ஓடிப்போய்ச் சிவப்புக்கு மேலே வெள்ளையை ஏற்றியிருக்கிறார். நம் ஊர்ப் படகு மூன்று அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டு இறாலோடு திரும்பிவிட்டது. அதைப் பாய் துரத்திப் பிடித்துக் கொண்டுவந்தார்.

கூட்டத்துக்கு நானும் அவரும் சேர்ந்து எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன். 'ஐஸ் இருந்தால் கொடி. இல்லாவிட்டால் கொடி இல்லை. சந்தேகம் வந்தால் கரைக்கு வந்து கேட்கலாம்.' ஸ்டென்சில் தேவைப்படாது. பழைய விதிப்புத்தகம் நாற்பதையும் மூன்று ஊரிலிருந்தும் வாங்கி வைத்திருக்கிறேன். நல்ல தடிமனான தாள். கல்யாணத்தில் வெற்றிலை பாக்கு மடித்துக் கொடுக்கலாம் என்று அம்மா சொல்கிறது. உனக்கு வருத்தமென்றால் ஒன்றை மட்டும் பத்திரமாக வைக்கிறேன். விதி 9 இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேன்?

மூன்றாம் தேதி அண்ணியோடு வா. நானும் அவரும் கரையிலேயே நிற்போம். கம்பத்தில் எது பறந்தாலும், நீ நேரே வா.

உன்
மனோ